அம்புக்குறிக்குள் நடப்பது என்ன?

கோவில்பட்டிச் சீமையில் பிறந்தவர்களிடம் தீக்குச்சியைப் பற்றிப் புதிதாக எதையும் சொல்லிவிட முடியாது. மழையை நம்பிய மானாவாரிப் பூமி எங்களுடையது. பருத்தியும் கம்பும் கைவிட்ட ஆண்டுகளில் வீடுகளுக்குக் கஞ்சி ஊற்றியது தீப்பெட்டி ஆபீஸ்தான். 1920களில் சிவகாசியில் வேரூன்றிய இத்தொழில் சாத்தூர், கோவில்பட்டி என்று பரவியதற்கு இங்குள்ள வறண்ட காற்றும் ஒரு காரணம். ஈரக்காற்றில், மருந்தில் தோய்த்த குச்சி எளிதில் உலராது. என் தாயாரும் பல ஆண்டுகள் பெட்டி ஒட்டியவர்.

ஒருநாள் மாலை, படித்த பெருமையில் அவரிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். குச்சியின் தலையில் இருப்பது பொட்டாசியம் குளோரேட். பெட்டியின் பக்கவாட்டில் பூசியிருப்பது சிவப்புப் பாஸ்பரஸ். உரசினால் இரண்டும் வினைபுரிந்து தீப்பிடிக்கிறது என்றேன். "சரி, உரசினதும் உள்ள என்ன நடக்கு?" என்று கேட்டார். சமன்பாட்டைச் சொன்னேன். அவர் சிரித்தார். "அது முன்னாடி இருந்ததும் பின்னாடி வந்ததும்லா. நான் கேட்டது நடுவுல."

நண்பர்களே, அன்றிரவு என் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தேன். மூன்றாண்டு இளங்கலையிலும் அதன்பின் முதுகலையிலும் எழுதிக் குவித்த நூற்றுக்கணக்கான சமன்பாடுகள். இடப்பக்கம் வினைபடு பொருள்கள், வலப்பக்கம் விளைபொருள்கள், நடுவில் ஓர் அம்புக்குறி. அந்த அம்புக்குறியின் உள்ளே எட்டிப் பார்க்க ஒருமுறைகூடத் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது. மறுநாள் துறைப் பேராசிரியரிடம் கேட்டேன். அவர் நூலகத்திலிருந்து இரண்டு நூல்களை எடுத்துக் கொடுத்தார். அதன் விளைவே இக்கட்டுரை.

தீக்குச்சியின் தலையில் ஒரே நொடியில் கோடானுகோடி மோதல்கள் நிகழ்கின்றன. அந்தக் கூட்டத்தில் ஒரு மோதலைத் தனியே பிரித்துப் பார்ப்பது இயலாத செயல். எனவே ஆய்வாளர்கள் வேறொரு வழியைக் கைக்கொண்டனர். காற்றை அகற்றிய கலத்தினுள் இரண்டு மெல்லிய மூலக்கூறுக் கற்றைகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஓடவிட்டு, அவை சந்திக்கும் இடத்தில் ஒரு மூலக்கூறு மற்றொன்றை ஒரேயொரு முறை மட்டும் மோதும்படி செய்தனர். மோதியபின் எந்தத் துண்டு எந்தக் கோணத்தில், எவ்வளவு வேகத்தில் தெறித்துப் போகிறது என்பதை அளந்தனர். இதற்கு வினைச் சிதறல் என்று பெயர். இத்துறையில் உழைத்த ஹெர்ஷ்பாக், யுவான் லீ, ஜான் போலன்யி ஆகிய மூவரும் 1986இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

தெறித்த துண்டுகளைக் கொண்டு மோதலின் கதையைத் திரும்பச் சொல்ல ஒரு கணக்கு வேண்டும். அந்தக் கணக்கைப் போட இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று நியூட்டனுடைய மரபுவழி இயக்கவியல். அதில் அணு என்பது ஒரு கோலிக்குண்டு. மற்றொன்று ஷ்ரோடிங்கரின் குவாண்டம் இயக்கவியல். அதில் அணு என்பது ஓர் அலை. எதை எப்போது நம்பலாம் என்பதே என்னைப் பல வாரங்கள் தூங்கவிடாத கேள்வி.

முதலில் கோலிக்குண்டு. மூன்று ஹைட்ரஜன் அணுக்களை எடுத்துக்கொள்வோம். இரண்டு இணைந்து ஒரு மூலக்கூறாக இருக்கின்றன; மூன்றாவது வந்து மோதி, அவற்றில் ஒன்றைத் தன்பால் இழுத்துக்கொண்டு, மற்றதைத் துரத்திவிடுகிறது. வேதியியலில் இதைவிட எளிய வினை கிடையாது. அணுக்களுக்கு இடையேயுள்ள தொலைவு மாற மாற அவற்றின் நிலையாற்றலும் மாறும். அந்த மாற்றத்தை வரைந்தால் மேடும் பள்ளமுமாக ஒரு நிலப்பரப்பு கிடைக்கும். இப்பக்கம் ஒரு பள்ளத்தாக்கு, அப்பக்கம் ஒரு பள்ளத்தாக்கு, இடையில் ஒரு மேடு. மேட்டில் மிகத் தாழ்ந்த கணவாய் எங்கே இருக்கிறதோ அதுவே வினைக்கு வழி.

நம் ஊர்க் கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். கரை உயரமாக இருக்கும். ஓரிடத்தில் மட்டும் மறுகால் தாழ்வாக இருக்கும். நீர்மட்டம் மறுகாலை எட்டினால்தான் தண்ணீர் அப்பால் பாயும். ஹைட்ரஜன் வினைக்கு அந்த மறுகாலின் உயரம் ஏறத்தாழ 0.42 எலக்ட்ரான் வோல்ட்.

இத்தகைய நிலப்பரப்பை முதன்முதலில் கணக்கிட்டு வரைந்தவர்கள் ஹென்றி ஐரிங்கும் மைக்கேல் போலன்யியும். ஆண்டு 1931. (மேலே சொன்ன ஜான் போலன்யி இந்த மைக்கேலின் மகன். தந்தை வரைந்த நிலத்தில் மகன் நடந்து பரிசு பெற்றார் என்று சொல்லலாம்.) 1936இல் ஹிர்ஷ்பெல்டர், ஐரிங், டாப்ளி ஆகியோர் அந்நிலத்தில் ஒரு கோலிக்குண்டை உருட்டிப் பார்க்க முயன்றனர். கணினி இல்லாத காலம். கையால் இயக்கும் கணக்குப் பொறியில் அடுத்தடுத்த படிகளைக் கூட்டிக் கழித்தனர். ஒரேயொரு பாதையின் ஒரு பகுதியை மட்டுமே அவர்களால் கணக்கிட முடிந்தது.

அந்த நிலத்தில் ஒரு வேடிக்கையும் இருந்தது. மேட்டின் உச்சியில் ஒரு சிறு குழி. உருண்டு வரும் குண்டு அதனுள் விழுந்து சுற்றிச் சுற்றி வரும். பிற்காலத்தார் அதற்கு 'ஐரிங் ஏரி' என்று கேலிப்பெயர் வைத்தனர். இயற்கையில் அப்படியொரு ஏரி அங்கே இல்லை. அது வாய்பாட்டின் குறை.

இதைப் படிக்கும் முன்பே அந்த ஏரியில் நான் விழுந்து எழுந்தவன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். நம் கல்லூரிக் கணினிக் கூடத்தில் மாலை நேரங்களில் அமர்ந்து, மூன்று ஹைட்ரஜன் அணுக்கள் ஒரே கோட்டில் மோதுவதற்கான நிரல் ஒன்றை எழுதினேன். நிலப்பரப்பு வேண்டுமே! ஒரு பழைய நூலில் கண்ட 1931ஆம் ஆண்டு வாய்பாட்டை அப்படியே எடுத்துப் போட்டேன். சில பாதைகள் மேட்டின்மேல் நெடுநேரம் தங்கி, முன்னும் பின்னும் ஆடி, பிறகு வெளியேறின. மூன்று அணுக்களும் சேர்ந்து ஒரு புதிய மூலக்கூறையே நான் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்து, அன்று வீட்டுக்குச் செல்லும் பேருந்தைக்கூடத் தவறவிட்டேன். மறுநாள் பேராசிரியர் படத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, இதே குளத்தில் பெரிய பெரிய ஆட்களெல்லாம் விழுந்திருக்கிறார்கள்" என்றார். 1955இல் சாட்டோ என்ற ஜப்பானியர் செய்த திருத்தத்தைச் சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். ஏரி வற்றிப்போயிற்று. என் கண்டுபிடிப்பும் அதனுடன் போயிற்று.

கணினிகள் வந்தபின் இக்கணக்கு வேகம் பெற்றது. 1965இல் கார்ப்ளஸ், போர்ட்டர், ஷர்மா ஆகிய மூவர் ஹைட்ரஜன் வினையை மூன்று பரிமாண வெளியில் ஆயிரக்கணக்கான பாதைகளாகக் கணக்கிட்டு வெளியிட்ட கட்டுரை இத்துறையின் அடிக்கல்லாக நிற்கிறது. அவர்கள் செய்த முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வரும் அணு எவ்வளவு வேகத்தில் வருகிறது, நேராக வருகிறதா விலகி வருகிறதா, மூலக்கூறு எப்பக்கம் திரும்பி நிற்கிறது, அதன் அதிர்வு அப்போது நீட்சியில் உள்ளதா சுருக்கத்தில் உள்ளதா என்பவற்றைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு நியூட்டனின் சமன்பாடுகளைத் தீர்த்துக் குண்டை உருட்டிவிட வேண்டும். அது அக்கரை சேர்ந்தால் வினை நடந்தது. இக்கரைக்கே திரும்பினால் நடக்கவில்லை. பத்தாயிரம் முறை உருட்டினால் எத்தனை பங்கு வினைபுரிகிறது என்று தெரிந்துவிடும்.

இதில் ஒரு சமரசம் உண்டு. மூலக்கூறின் அதிர்வாற்றல் படிப்படியாக மட்டுமே இருக்க முடியும் என்பது குவாண்டம் விதி. ஆகவே தொடங்கும்போது மட்டும் அந்தப் படிகளில் ஒன்றைக் கொடுத்துவிட்டு, பிறகு எல்லாவற்றையும் நியூட்டனிடம் ஒப்படைக்கிறார்கள். முடிவில் கிடைக்கும் அதிர்வாற்றல் எந்தப் படிக்கு அருகில் உள்ளதோ அந்தப் படியில் சேர்த்துக்கொள்கிறார்கள். இதற்கு அரை மரபுவழிப் பாதைக் கணக்கு என்று பெயர் சொல்லலாம். கேட்பதற்கு ஒட்டுப்போட்ட வேலையாகத் தோன்றுகிறது. ஆனால் வியக்கத்தக்க அளவுக்கு அது சோதனையுடன் ஒத்துப்போகிறது. அந்த வெற்றியின் காரணம், பல பாதைகளின் சராசரியில் அலையின் நுட்பங்கள் பெரும்பாலும் கரைந்துவிடுவதே.

எங்கே அது தோற்கிறது? என் திருத்திய நிரலில் மொத்த ஆற்றலை 0.40 என்று வைத்து, 500 பாதைகளை ஓடவிட்டேன். மறுகாலின் உயரம் 0.42 அல்லவா? ஐந்நூறில் ஒன்றுகூட அக்கரை சேரவில்லை. திரை நிறையப் பூச்சியங்கள். நிரலில் பிழை இல்லை. மட்டம் எட்டாத தண்ணீர் மறுகாலில் பாயாது என்பதைத்தான் கணினி 500 முறை சொல்லியது. ஆனால் உண்மையான ஹைட்ரஜன் அணு இந்த ஆற்றலிலும் சிறிதளவு அக்கரை சேர்கிறது!

வினைவேகத்தின் மடக்கையை வெப்பநிலையின் தலைகீழ் மதிப்புக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வரும் என்று அர்ரீனியஸ் விதியை நாம் எல்லோரும் ஆய்வுக்கூடத்தில் வரைந்து மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். ஹைட்ரஜன் வினைகளுக்குக் குளிர்ச்சி மிக மிக அந்தக் கோடு வளைகிறது. விதி சொல்லும் அளவைவிட அதிகமாகவே வினை நடக்கிறது. கரையைத் தாண்ட முடியாத அலை, கரைக்குள்ளேயே ஊடுருவி மறுபுறம் தலைகாட்டுகிறது. இதைக் கண்மாய்க் கரையின் கசிவோடு ஒப்பிடலாம் என்று முதலில் எழுதினேன், பிறகு அடித்துவிட்டேன். கசிவுக்குக் கரையில் ஓட்டை வேண்டும். குவாண்டம் ஊடுருவலுக்கு எந்த ஓட்டையும் வேண்டியதில்லை. அலைக்கு மேட்டின் ஓரத்தில் சட்டென்று நின்றுவிடத் தெரியாது. உள்ளே தேய்ந்துகொண்டே போகும். மேடு மெல்லியதாக இருந்தால் முழுதும் தேய்வதற்குள் மறுபக்கம் வந்துவிடும்.

எல்லா அணுக்களும் இப்படிச் செய்யுமா? அறை வெப்பத்தில் ஒரு ஹைட்ரஜன் அணுவின் அலை நீளம் ஏறத்தாழ 1 ஆங்ஸ்ட்ராம். ஹைட்ரஜன் மூலக்கூறின் பிணைப்பு நீளமோ 0.74 ஆங்ஸ்ட்ராம்தான். தான் நுழையும் வீட்டைவிடப் பெரிய விருந்தாளியை 'இந்த மூலையில் அமர்ந்திருக்கிறார்' என்று எப்படிச் சொல்வது? அதே வெப்பத்தில் தீக்குச்சி மருந்திலுள்ள பொட்டாசியம் அணுவின் அலை நீளம் ஏறத்தாழ 0.16 ஆங்ஸ்ட்ராம். கனமான அணுவைக் குண்டு என்று கொள்வதில் பெரும்பிழை இல்லை.

ஊடுருவலோடு மற்றொரு சிக்கலும் உண்டு. ஹைட்ரஜன் மூலக்கூறு எவ்வளவு குளிர்ந்தாலும் 0.27 எலக்ட்ரான் வோல்ட் அதிர்வாற்றலைக் கைவிடாது. இதைச் சுழிநிலை ஆற்றல் என்கிறோம். வைப்பு நிதிபோல் அதைத் தொட முடியாது. நியூட்டனின் குண்டுக்கு இந்தக் கட்டுப்பாடு தெரியாது. அது வைப்பு நிதியையும் எடுத்துச் செலவழித்து, சேரக்கூடாத இடத்துக்கும் சில வேளை போய்ச் சேர்கிறது. ஆகவே மரபுவழிக் கணக்கு சில இடங்களில் வினையைக் குறைத்துக் காட்டும்; சில இடங்களில் கூட்டியும் காட்டும். இரு பிழைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்துகொண்டு சரியான விடை வந்துவிடுவதும் உண்டு. அதுதான் மிகவும் ஆபத்தானது என்று நினைக்கிறேன். சரியான விடையைப் பார்த்தபின் யார் பிழையைத் தேடப் போகிறார்கள்?

ஹைட்ரஜன் வினைக்கு மூன்று பரிமாண வெளியில் நம்பத்தகுந்த குவாண்டம் கணக்கு 1975, 1976ஆம் ஆண்டுகளில்தான் கிடைத்தது. செய்தவர்கள் ஷாட்ஸும் குப்பர்மானும்.

இனி, நம்மவர் ஒருவரின் உழைப்புக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் பிறந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற நா. சத்தியமூர்த்தி, அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தில் லயனல் ராப் என்பவரிடம் ஆய்வு செய்தார். அதன்பின் டொராண்டோவில் ஜான் போலன்யியிடம் பணியாற்றி, கான்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியரானார். 1990இல் பட்நாகர் விருது பெற்றார். 2007இல் தொடங்கிய மொகாலி இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் முதல் இயக்குநரும் அவரே. அவர் நெடுங்காலம் விடாது பற்றிக்கொண்ட ஒரு வினை உண்டு. ஹீலியம் அணு ஒன்று, ஓர் எலக்ட்ரானை இழந்த ஹைட்ரஜன் மூலக்கூறு அயனியை மோதுகிறது. ஹீலியம் ஹைட்ரைடு அயனி பிறக்கிறது. ஒரு ஹைட்ரஜன் அணு தெறிக்கிறது. மொத்தம் மூன்று எலக்ட்ரான்களே உள்ள எளிய அமைப்பு. ஆனால் விளையாட்டு எளிதன்று.

இவ்வினை மேடேறிப் போகும் வினை, ஏறத்தாழ 0.8 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் கொடுக்க வேண்டும். அந்த ஆற்றலை மோதும் வேகமாகக் கொடுக்கலாம். அயனியின் அதிர்வாகவும் கொடுக்கலாம். எது சிறந்தது? 1960களின் இறுதியில் சுப்காவும் அவர் குழுவினரும் செய்த சோதனை, அதிர்வாகக் கொடுப்பதே பயன்மிக்கது என்று காட்டியது. இந்த அயனியின் அதிர்வுப் படி ஒவ்வொன்றும் 0.27 எலக்ட்ரான் வோல்ட் அளவு. மூன்றாம் படியில் நிறுத்தினால் தேவையான ஆற்றலில் பெரும்பகுதி கைக்கு வந்துவிடுகிறது.

1975இல் சத்தியமூர்த்தியும் ராப்பும் இவ்வினைக்கான நிலப்பரப்பைப் புதுமுறையில் அமைத்தனர். சில நூறு புள்ளிகளில் மட்டுமே துல்லியமான ஆற்றல் மதிப்புகள் கையில் இருக்கும். குண்டு உருள இடைவெளியில்லாத நிலம் வேண்டும். படவரைஞர்கள் புள்ளிகளின் ஊடே மெல்லிய மரச்சட்டத்தை வளைத்து வைத்துக் கோடிழுப்பதைப்போல, கணித வளைவுகளால் மூன்று திசையிலும் இடைவெளிகளை நிரப்பினர். 'ஸ்ப்ளைன்' என்பது அம்முறையின் பெயர். அந்நிலத்தில் பாதைகளை உருட்டினர். இவ்வினைக்குப் போட்ட மரபுவழிக் கணக்குகளும், அதிர்வு கூடக் கூட வினை பெருகுவதைக் காட்டின. குண்டு இங்கே வென்றது.

ஆனால் அதே 1970களில் இவ்வினைக்குப் போட்ட குவாண்டம் கணக்குகள் வேறொன்றையும் காட்டின. ஆற்றலைச் சிறிது சிறிதாகக் கூட்டி, வினை நிகழும் வாய்ப்பை வரைந்தபோது, வழவழப்பான கோடு வரவில்லை. பனைமட்டையின் கருக்கைப்போல் கூரிய முனைகள் அடுத்தடுத்து நின்றன. குறிப்பிட்ட சில ஆற்றல்களில் மட்டும் மூன்று அணுக்களும் பிரிய மனமின்றிச் சிறிது நேரம் ஒன்றாக ஆடுகின்றன. இவை ஒத்ததிர்வுகள். இந்நிலப்பரப்பில் ஏறத்தாழ 0.3 எலக்ட்ரான் வோல்ட் ஆழமுள்ள ஒரு பள்ளம் இருக்கிறது. அதுவே அவற்றுக்கு இடம் கொடுக்கிறது. அரை மரபுவழிக் கணக்கோ அந்த முனைகளின் நடுவே ஒரு சராசரிக் கோட்டை இழுத்துவிட்டுப் போய்விடுகிறது. 1990களில் கான்பூர்க் குழுவினர் அலைப்பொதியை நேரத்தோடு நகர்த்தும் முறையில், முதலில் ஒரே கோட்டிலும் பிறகு முப்பரிமாணத்திலும், இந்த ஒத்ததிர்வுகளைத் துருவி ஆராய்ந்தனர்.

இதைப் படித்தபோது எனக்கு என் பொய் ஏரி நினைவுக்கு வந்தது. அங்கே அணுக்கள் தங்கியதற்குக் காரணம் தவறான நிலம். இங்கே நிலத்தில் உண்மையாகவே ஏரி இருக்கிறது. திரையில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். வேறுபாட்டைக் கண்டறிய நிலத்தை மீண்டும் அளக்க வேண்டும். அலையின் கணக்கையும் போட்டாக வேண்டும்.

இந்த வினையின் கதை விண்வெளிக்கும் போகிறது. ஹீலியம் ஹைட்ரைடு அயனியை 1925இலேயே ஆய்வுக்கூடத்தில் கண்டனர். பிரபஞ்சத்தில் முதன்முதல் உருவான மூலக்கூறு இதுவாகவே இருக்கும் என்பது கொள்கை. அது ஹைட்ரஜன் அணுவோடு மோதி ஹைட்ரஜன் மூலக்கூறு அயனியைத் தந்தது. அதாவது மேற்சொன்ன வினையின் தலைகீழ். ஆயினும் வானத்தில் அதை நேரில் கண்டவர் இல்லை. 2019இல்தான், விமானத்தில் பொருத்திய சோபியா தொலைநோக்கி, 7027 என்ற எண்ணுடைய ஒளிமுகிலில் அதைக் கண்டுபிடித்தது.

அலைக்கே உரிய மற்றொரு குணத்தையும் சொல்லிவிடுகிறேன். கண்மாயில் இரண்டு கல் எறிந்தால் அலைகள் சந்திக்கும் இடத்தில் சில கோடுகள் எழும், சில அடங்கும். ஹைட்ரஜன் அணு ஒன்று, ஹைட்ரஜனும் டியூட்டீரியமும் சேர்ந்த மூலக்கூறை மோதும்போது வினை நேர்வழியிலும் நடக்கலாம், சுற்றுவழியிலும் நடக்கலாம். இரு வழிகளின் அலைகளும் ஒன்றோடொன்று கலப்பதைச் சீன ஆய்வாளர்கள் 2018இல் சிதறல் கோணங்களில் நேரடியாக அளந்துவிட்டனர். இரண்டு வழியிலும் ஒரே நேரத்தில் போவது எந்தக் குண்டாலும் ஆகாத காரியம்.

அப்படியானால் எப்போதும் அலைக் கணக்கையே போட்டுவிட்டால் என்ன? இங்கேதான் கைப்பொருள் குறுக்கே நிற்கிறது. மூன்று அணுக்களின் உள்ளமைப்பைச் சொல்ல 3 தொலைவுகள் போதும். ஒவ்வொன்றுக்கும் 100 புள்ளிகள் வைத்தால் அலையைக் குறித்துவைக்க 10 இலட்சம் எண்கள் வேண்டும். நான்கு அணுக்களுக்கு 6 தொலைவுகள். எண்களோ ஓர் இலட்சம் கோடி. ஐந்தாவது அணு வந்தால் அதையும் பத்து இலட்சத்தால் பெருக்க வேண்டும். மரபுவழிக் கணக்கில் அணு ஒன்று கூடினால் ஆறே ஆறு சமன்பாடுகள் கூடும், அவ்வளவுதான். பொட்டாசியம் குளோரேட்டில் மட்டுமே ஐந்து அணுக்கள். பாஸ்பரஸ் இன்னும் வரவில்லை.

ஆகவே என் தாயாரின் கேள்விக்கு இன்றைக்குக் கிடைக்கக்கூடிய விடை பெரும்பாலும் குண்டுகளின் மொழியிலேயே இருக்கும். நிலத்தைக் குவாண்டம் முறையில் அளந்து, அதன்மேல் குண்டை மரபுவழியில் உருட்டுவார்கள். மருந்திலுள்ள அணுக்கள் கனமானவை, தீப்பிடிக்கும் இடத்தில் சூடும் அதிகம், மோதல்களுக்குக் கணக்கில்லை. சராசரி அங்கே நியாயமாகவே ஆட்சி செய்கிறது. இதை அவரிடம் விளக்கியபோது, "அப்ப நடுவுல நடக்கதக் கொஞ்சம் பாத்துட்டாங்கன்னு சொல்லு" என்றார். பசைக்கை காயாமல் இருந்ததால் கைக்குள் அடுத்த பெட்டி வந்துவிட்டது.

என் நிரலை இப்போது மாற்றி எழுதியிருக்கிறேன். 0.42 உயரமுள்ள மேட்டின் மீது, ஒரே திசையில், ஓர் அலைப்பொதியை மோதவிடும் சிறு கணக்கு. ஆற்றல் 0.40 இருக்கும்போது அலையின் பெரும்பகுதி திரும்பி வருகிறது. சிறு பகுதி மறுபுறம் போய்க்கொண்டே இருக்கிறது. அந்தப் படத்தையும், 500 பூச்சியங்கள் அச்சான தாளையும் வேதியியல் துறை அறிவிப்புப் பலகையில் அடுத்தடுத்து ஒட்டியிருக்கிறோம். ஹீலியம் வினைக்கான நிலப்பரப்பை எழுத இரண்டாம் ஆண்டு மாணவர்கள் இருவர் கூடச் சேர்ந்திருக்கிறார்கள்.